மிக்சியும் மூலநிரலும்: ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பழுதியல் குறித்த ஓர் ஆய்வு

ராஜபாளையம் என்று சொன்னால் போதும், ஆய்வாளர்களின் கை நாயின் பக்கம் போய்விடுகிறது. அந்த வெள்ளை வேட்டை நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாலோ, ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் பாதிப்பேரைப் பிடித்துக்கொள்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா மீதிப்பேரைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் தப்பி எவராவது அவ்வூர் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்திருந்தால், தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மிக்சியைக் குப்புறக் கவிழ்த்து, பக்கத்தில் மடிக்கணினியையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மென்பொருள் பொறியாளரைக் கண்டிருப்பார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே பழுதியல் என்னும் துறையை நாமே தொடங்கி வைக்கவேண்டியதாகிறது.

எல்லையும் கருதுகோளும்

ஆய்வின் நிலப்பரப்பு மதுரை–தென்காசி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தென்முனையில் பொறியாளரின் சொந்த வீடு, ராஜபாளையம். வடமுனையில் மாமியார் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூர். மேற்கே மலை இருக்கிறது. அது ஆய்வுக்குத் தேவைப்படவில்லை.

இங்கே பொறியாளர் என்பது ஓர் ஆளைக் குறிப்பதன்று, ஓர் இனத்தைக் குறிப்பது. கொரோனாக் காலத்தில் மடிக்கணினியோடு ஊர் திரும்பி, நிலைமை சரியான பிறகும் ஏதேதோ காரணம் சொல்லி அங்கேயே தங்கிவிட்டவர்கள். தெருவுக்கு ஒருவராவது உண்டு. பகலில் இவர் நிறுவனத்துக்கு வேலை செய்கிறார். அதற்குச் சம்பளம் வருகிறது. இரவில் உலகத்துக்கு வேலை செய்கிறார். அதற்கு ஒன்றும் வருவதில்லை. எங்கோ யாரோ எழுதிய நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, திருத்தி, அந்தத் திருத்தத்தை அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒரு பராமரிப்பாளர் அதை ஏற்றுக்கொள்வாரா என்று காத்திருக்கிறார். கட்டற்ற மென்பொருள் என்று இதற்குத் தமிழில் பெயர் நிலைத்துவிட்டது. கணியம் இதழ் 2012 முதல் இந்த வித்தையைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் நடுவில், குறிப்பாகச் சாப்பிட உட்காரும் நேரத்தில், வீட்டுச் சாமான் ஏதாவது ஒன்று நின்றுபோகும். அதைக் கழற்றிப் பார்ப்பதும் இவர் வேலைதான்.

அந்த இரவு வேலையும் இந்த நடுவேலையும் இரண்டல்ல, ஒன்றே என்பது நம் கருதுகோள்.

தோற்றுவாய்

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் இருந்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார். யாராவது எழுந்துபோய்க் காகிதத்தை உருவிவிடுவார்கள். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. பழையபடி திருத்திவிடலாம் என்று பார்த்தால், மூலநிரலைத் தரவில்லை. மூலநிரல் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் நேரில் போய்க் கேட்டார். வெளியே கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவரும் கைவிரித்துவிட்டார். அந்தக் கோபம் ஸ்டால்மனுக்கு ஆறவே இல்லை. 1983 செப்டம்பரில், யாரும் திறந்து திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்துக்கான க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினக்ஸ் என்னும் இயங்குதளக் கரு வந்து சேர்ந்தது. இன்று ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் ஓடுவது வரை வந்து நிற்கும் இவ்வளவு பெரிய இயக்கம், சிக்கிய காகிதத்தை எடுக்க விடாததில் தொடங்கியது.

இதற்கு முந்திய சான்று பம்பாயில் கிடைக்கிறது. சீமன்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டில் பிரவுன் என்ற ஜெர்மன் மிக்சர் இருந்தது. கேக் மாவு கலக்கிப் பழகிய மோட்டாரிடம் நம் சமையலறை மசாலாவும் பருப்பும் அரைக்கச் சொன்னது. மோட்டார் கருகியது. பழுதுபார்க்க இந்தியாவில் ஆள் இல்லை. நீங்களே ஒன்று செய்துவிடுங்களேன் என்று மனைவி மாதுரி சவால் விட்டதாகச் சொல்வார்கள். 1963இல் சுமீத் மிக்சி பிறந்தது.

காலவரிசை தெளிவாக இருக்கிறது. மிக்சி 1963, க்னூ 1983. முந்தியதிலிருந்தே பிந்தியது தோன்றும் என்னும் பொதுவிதிப்படி, கட்டற்ற மென்பொருள் இயக்கம் மிக்சியின் வழித்தோன்றல் என நிறுவப்படுகிறது. ஸ்டால்மனுக்கு இது தெரியாது. முன்னோர் யாரென்று வாரிசுக்குத் தெரியாமற்போவது வரலாற்றில் புதிதல்ல.

உள்ளூர்ச் சான்றுக்கும் பஞ்சமில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து இது சங்கு ஊதும் ஊர். ஃபிட்டர் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது என்றே சொல்லிவிடலாம். அந்த மில்லை முதலாகக் கொண்டு வளர்ந்த ராம்கோ குழுமம் பின்னர் சென்னையில் மென்பொருள் நிறுவனமும் நடத்தி, விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பழுதுபார்த்துப் பராமரிப்பதற்கான மென்பொருளை நாடு நாடாக விற்கிறது. ஹெலிகாப்டரின் எந்த உதிரிப்பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதே குழுமம் பிறந்த ராஜபாளையத்தில், மிக்சிக்குக் கார்பன் எப்போது மாற்றியது என்று கேட்டால், "நம்ம செல்வி கல்யாணத்துக்கு முந்தி" என்று பதில் வரும்.

பயனர் இயல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்து எழுதுகிறவன் உவமைக்கு வெளியே அலையவேண்டியதில்லை. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி சும்மா கிடக்கும். தாய்ப்பூனை வந்து கவ்விக்கொண்டு போகும். அது மார்ஜார நியாயம். வைணவத்தில் வடகலையார் முன்னதைச் சொல்வார்கள், தென்கலையார் பின்னதைச் சொல்வார்கள். இறையருள் பற்றிய அந்தப் பெரிய வழக்கில் மூக்கை நுழைக்கும் தகுதி நமக்கில்லை. ஆனால் மென்பொருள் உலகில் வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. அங்கே பயனர் குரங்குக்குட்டியாக இருந்தே ஆகவேண்டும். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, லாக் எங்கே என்று எல்லாவற்றையும் எழுதிக் கையோடு கொண்டுவந்தால்தான் பராமரிப்பாளர் திரும்பியே பார்ப்பார். "ஓடவில்லை" என்று மட்டும் எழுதியவரின் முறையீடு அன்றே மூடப்படும்.

வீட்டிலோ ஒரே தென்கலை. ராஜபாளையத்தில் பதிவான ஓர் உரையாடலைக் கீழே தருகிறோம்.

"டேய், மிக்சி ஓடலை."

"எப்ப இருந்தும்மா?"

"இப்பத்தான்."

"கடைசியா என்ன அரைச்சீங்க?"

"எப்பவும் அரைக்கிறதுதான்."

"சுவிட்சு போட்டா சத்தம் வருதா?"

"வரும், வராது."

"கருகல் வாடை எதும் வந்துச்சா?"

"அது நேத்தே வந்துச்சே."

நோயை அறிய உதவும் ஒரே செய்தி கடைசியில்தான் வரும், அதுவும் கேட்டால்தான் வரும். இது எல்லா நாட்டுப் பயனர்க்கும் பொது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முறையீட்டு முறை வேறு. அங்கே முறையீடே கிடையாது. மாப்பிள்ளையை வேலை வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மிக்சி மட்டும் சமையலறையிலிருந்து எப்படியோ கூடத்து மேசைக்கு நகர்ந்து வந்திருக்கும். பக்கத்தில் ஒரு தட்டில் பால்கோவா. உள்ளேயிருந்து அத்தையின் குரல், மகளிடம் பேசுவதுபோல, கூடம் வரை கேட்கும் அளவில் வரும்: "கடையிலயே குடுத்துரலாம்டி. பாவம், அவருக்கு எதுக்குத் தொந்தரவு." மாமா செய்தித்தாளை ஒரு பக்கம் திருப்புவார். மகள், "அவங்க பாத்துருவாங்கம்மா" என்பாள். இதற்குள் மாப்பிள்ளையின் கை ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்திருக்கும். கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் புதியவர்களை இழுப்பதற்காகச் சில எளிய பிழைகளைத் திருத்தாமல் விட்டுவைத்து, முதலில் இதைச் செய்து பாருங்கள் என்று ஒட்டி வைப்பார்கள். அத்தை எந்த மாநாட்டுக்கும் போகாமலே அந்த முறையைக் கண்டறிந்திருக்கிறார். பால்கோவா கூடுதல் ஏற்பாடு.

பழுது பெரும்பாலும் சிறியதுதான். மிக்சியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. சுமை மிகுந்தால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானே வெளியே துருத்திக்கொண்டு, மின்சாரத்தை அறுத்துவிடும். சற்று நேரம் ஆறவிட்டு அழுத்தினால் தீர்ந்தது. பொறியாளருக்கு இது தெரியும். ஆனாலும் நான்கு திருகையும் கழற்றி, உள்ளே ஊதி, கார்பனை வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடி பூட்டி, யாரும் பார்க்காதபோது பொத்தானை அழுத்துகிறார். இரண்டு நொடியில் தீர்த்த பழுதுக்கு மரியாதை இல்லை என்பதை நிறுவனத்திலேயே கற்றவர் அவர்.

உத்தரவாத இயல்

கட்டற்ற மென்பொருள் உரிமங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு பத்தி முழுக்கப் பெரிய எழுத்துகளில் கத்திக்கொண்டிருக்கும். இந்த நிரல் உள்ளது உள்ளபடி தரப்படுகிறது. இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இதனால் எது கெட்டுப்போனாலும் எழுதியவர் பொறுப்பல்ல. உலகத்து வங்கிகளும் விமான நிறுவனங்களும் இதை ஏற்றுக்கொண்டுதான் அந்த நிரல்களைப் பயன்படுத்துகின்றன. ஒரு வழக்கறிஞர்கூட எதிர்த்துப் பேசுவதில்லை.

இப்பத்தியை ராஜபாளையத்தில் படித்துக் காட்டிப் பயனில்லை. அங்கே நடப்பிலுள்ள சட்டம் ஒரே வரி: தொட்டவன் பொறுப்பு. சித்திரையில் கண்டென்சர் மாற்றிய மின்விசிறி ஐப்பசியில் ஆடினால், "நீ கழட்டுனதுல இருந்துதான் இப்பிடி" என்று தீர்ப்பு வரும். 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சருக்கும் இறக்கையின் ஆட்டத்துக்கும் தொடர்பில்லை என்று வாதாடலாம். வாதாடியவர்களின் கதி இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. நிரலில் நடக்கும் மாற்றங்களைக் கணக்கு வைக்க, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் மென்பொருளில், எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார் என்று காட்டிக்கொடுக்க ஒரு தனிக் கட்டளை உண்டு. நம் வீடுகளில் அதற்குக் கட்டளை தேவைப்படுவதில்லை. மதினி ஒருவர் போதும்.

ஊதியத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, உலகத்து இணையதளங்களில் பெரும்பகுதி பாதுகாப்புக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் முழுநேரமும் வேலை பார்த்தது ஏறத்தாழ ஒரே ஒருவர், திட்டத்துக்கு ஆண்டில் வந்த நன்கொடை சுமார் 2000 டாலர் என்று தெரியவந்தது. ஓடும்வரை யாருக்கும் அந்த மனிதரை நினைக்கத் தோன்றவில்லை. பொறியாளரின் வீட்டு வருமானத்தையும் இந்த வரிசையில்தான் வைக்கவேண்டும். ஒரு காபி, சில நாட்களில் அதுவும் "மிக்சிதான் ஓடலையே, சட்னி இல்லை" என்ற தகவலோடு.

இந்த இடத்தில், இரு ஊர்த் தெருக்களிலும் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, "மிக்சி, கிரைண்டர், குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர்" என்று பதிவுசெய்த குரலை ஓடவிட்டு வருகிறவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்துறைக்குப் பேராசிரியர் பதவி ஒன்று உண்டாக்கப்பட்டால் அது அவருக்கே உரியது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கியதிலிருந்து அவருடைய பாடத்திட்டம் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. பொறியாளர் அரைமணி நேரம் காணொளி பார்த்துக் கண்டுபிடிப்பதை அவர் சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் சொல்கிறார்: "கப்ளர் வழுக்குது." ஜாரின் அடியில் ஈரம் பட்டிருந்தால் ஓடவிடக்கூட வேண்டாம்: "புஷ் போயிருச்சு." கப்ளர் ஏன் இவ்வளவு மெத்தென்று செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்டால் அதற்கும் விடை வைத்திருக்கிறார். ஜார் இறுகிக்கொண்டால் கப்ளர் தேய்ந்து போகட்டும், மோட்டார் பிழைக்கட்டும் என்பதற்காக. மலிவானது கெட்டு விலையுயர்ந்ததைக் காப்பாற்றும் இந்த ஏற்பாட்டை மென்பொருள் வடிவமைப்புப் பாடநூல்கள் நெடிய அத்தியாயங்களில் விளக்குகின்றன. இவர் அதை விளக்கிக்கொண்டே வேலையை முடித்துக் காசையும் வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். பொறியாளர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்க்கிறார். அவர் படித்த பொறியியலில் கைக்குப் பயன்பட்ட பகுதி இதுதான் என்பது நம் துணிபு.

செவிப்புலச் சான்று

2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேறேதோ சோதனையில் இருந்தபோது, தம் கணினியில் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். மற்றவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் தோண்டினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன நிரலுக்குள் திருட்டு வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தனியாளாகச் சம்பளமின்றி அதைப் பராமரித்துக் களைத்திருந்தவரிடம், உதவுகிறேன் என்று வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லபிள்ளையாக நடந்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் செய்த வேலை. இன்னும் சில வாரம் கழிந்திருந்தால் உலகமெங்கும் பரவியிருக்கும். அரை நொடியைக் கவனித்த ஒரு மனிதரால் தப்பியது.

நம் வீடுகளில் அந்த ஆற்றல் தாய்மாரிடம் இருக்கிறது. மிக்சியின் மோட்டார் சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் போகும். அந்த இரைச்சலுக்குள் பேரிங் உலர்ந்த கீச்சொலியையும், தேய்ந்த கார்பன் பொறி தட்டும் சலசலப்பையும், பூசை அறையில் உட்கார்ந்தபடியே பிரித்துக் கேட்கிறார்கள். "சத்தம் ஒரு மாதிரியா இருக்குடா" என்கிறார்கள். இது முதல் தரமான பிழையறிக்கை. பொறியாளர், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். எக்ஸ்இசட் வரலாற்றை நண்பர்களிடம் மெய்சிலிர்த்துச் சொன்னவரும் அவர்தான். மிக்சி நிற்பது தீபாவளிக்கு முந்திய இரவில், உளுந்து ஊறிக்கொண்டிருக்கும்போது.

நிரற்பிழைக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்றே பெயர் என்பதால், பூச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினி கோளாறு செய்தபோது, ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. பொறியாளர்கள் அதை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் இன்றும் பாதுகாக்கிறது. இந்த வட்டாரத்தில் ஏசி போர்டில் பல்லி, அழைப்புமணி சுவிட்சில் எறும்பு, தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டரில் மறுபடியும் பல்லி. எண்ணிக்கையில் ஹார்வர்டு நெருங்க முடியாது. பாதுகாக்கத்தான் ஆள் இல்லை. எடுத்து வாசலில் போட்டுவிடுகிறார்கள்.

திறவாப் பொருள்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் திறக்கக்கூடிய பொருள்களுக்குத்தான் பொருந்தும். புதிதாக வரும் வாஷிங் மெஷினைத் திறந்தால் சர்க்யூட் போர்டின் மேல் பிசின் ஊற்றி இறுக்கியிருக்கிறது. ஈரத்திலிருந்து காக்க என்று காரணம் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பிசினுக்கு அடியில் பத்து ரூபாய் ரிலே ஒன்று செத்திருந்தாலும் பல ஆயிரம் ரூபாய்க்கு முழுப் போர்டையும் மாற்றவேண்டும் என்பதும் உண்மை. "போர்டு போச்சு சார்" என்பது இன்றைய பழுதியலின் கடைசி வாக்கியம். அதற்கு மேல் உரையாடல் இல்லை. சில பொருள்களின் திருகுத் தலை மூன்று மூலையாக இருக்கிறது. அதைத் திறக்கும் கருவி சாதாரண ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பதில்லை. ஸ்டால்மன் பிரிண்டருக்கு முன்னால் நின்றது இப்படித்தான்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பை எந்தச் சுதந்திரத்தின் பெயராலும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்சர் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தை வைத்திருக்கலாம். பொறியாளரின் ஆர்வத்துக்கு மாமா போட்ட ஒரே தடை இது. அதை ஆய்வாளரும் வழிமொழிகிறார்.

அரசும் சும்மா இருக்கவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது; அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வீட்டுச் சாதனம், கைப்பேசி, வாகனம், வேளாண் கருவி எல்லாம் அதில் அடக்கம். நல்ல தொடக்கம்தான். ஆனால் இணையதளம் திறந்த அளவுக்கு வாஷிங் மெஷின் இன்னும் திறக்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்குச் சொல்வது: அடுத்த முறை கடையில் மிக்சி வாங்கும்போது ஜாரின் நிறத்தைப் பார்த்து முடித்துவிடாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குத் திறக்குமா, கார்பனும் கப்ளரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். விடை சரியாக வராவிட்டால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பொறியாளர் இருந்து, வாங்கிய மிக்சி என்றாவது நின்றுபோனால், வாடை எப்போது வந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.